நாத்தனார் வீட்டு ஃபிரிஜ் கதவில் ஒரு பில்

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் எடுக்க ஃபிரிஜ் பக்கம் போனால், கதவில் ஒரு காகிதம். புக்கிட் மெர்தாஜாம் கோவில் திருநாள் கடையில் வாங்கிய, மாதாவின் தாய் அன்னம்மாள் படம் போட்ட காந்தம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளினிக் பில். மூன்று கருக்களை உறையவைத்துப் பாதுகாக்க ஒரு வருடக் கட்டணம்.

நான் படித்துவிட்டதை அவள் கவனித்துவிட்டாள். "அண்ணி, அதப் பத்தித்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

என்னிடம் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். பிள்ளை இல்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள், சோதனைக்குழாய் வழியும் வேண்டாமென்று இருந்துவிட்டோம். குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கும் தெரியும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் போதும், மலாய்க்கார அக்கா உருட் (மலாய் மசாஜ்) போடும் பாட்டியின் நம்பரை எடுப்பார். சீனத் தோழி தன் தங்கைக்கு இரட்டைப் பிள்ளை கிடைத்த கிளினிக்கின் துண்டுப்பிரசுரத்தை நீட்டுவாள். இ.பி.எஃப். என்கிற மலேசியத் தொழிலாளர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம் என்று 2020 பட்ஜெட்டில் அறிவித்ததும் விண்ணப்பப் பாரத்தையே அச்சடித்து என் மேசையில் வைத்தாள். "காசுதான் பிரச்சினைன்னு நினைச்சேன்" என்றாள் பாவம். உலகம் விசுவாசத்தைத் தாக்குகிறது என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவள் முகம்தான் வரும். என்னை யாரும் தாக்கவில்லை. பாரத்தைக்கூடப் பாதி நிரப்பித்தான் கொடுத்தாள்.

"ஏன் வேணாங்கிற?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. ஆரம்பத்தில் எனக்கே தெரியாது. ஒரு பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "உங்க மனசாட்சிப்படி பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பூசைக்கு ஓடினார். மனசாட்சிக்கு யாராவது பாடம் சொல்லித் தந்திருந்தால் அதுவும் பார்த்திருக்கும். பிறகு நானே ஃபெரியில் போக வர உட்கார்ந்து படித்தேன். 1987-இல் கர்தினால் ராட்சிங்கர் காலத்தில் வத்திக்கான் வெளியிட்ட 'தோனும் வித்தே' என்ற ஆவணம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கணவன் மனைவி உறவுக்குத் துணைநிற்கிற வைத்தியம் எதுவும் செய்துகொள்ளலாம், அந்த உறவின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிற வைத்தியம் கூடாது. பிள்ளை கொடை, யாரும் கேட்டு வாங்குகிற உரிமை இல்லை. அதைவிட என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. ஒரு பிள்ளைக்காகப் பல கருக்களை உண்டாக்கி, நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்கி, மிச்சத்தைக் குளிரில் வைப்பது.

அதனால் சபை அனுமதித்ததையெல்லாம் செய்தோம். எனக்கு லேப்ராஸ்கோப்பி, இவருக்கு ஒரு சின்ன ஆபரேஷன். கருத்தரிக்கும் நாளை இயற்கையாகக் கணிக்கும் பில்லிங்ஸ் முறை படித்து அட்டவணை போட்டேன். இரத்தப்போக்கு நாளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், வறண்ட நாளுக்குப் பச்சை, கருத்தரிக்கக்கூடிய நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. மாதா மாதம் அந்தக் குழந்தைப் படத்தை என் கையாலேயே ஒட்ட வேண்டும். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, பிள்ளையில்லாத வீட்டுக்குள் அவர் நுழைந்திருக்க மாட்டார். நான்கு வருடம் ஒட்டினேன்.

ஜூலை வந்தால் அத்தையோடு புக்கிட் மெர்தாஜாம் போவோம். அன்னம்மாளும் சுவக்கீனும் பிள்ளைக்கு ஏங்கியவர்கள், வயதான பிறகே மாதா பிறந்தார் என்பது பாரம்பரியம். அதனால் நவநாளில் எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். மல்லிகைப்பூ வைத்த இந்துப் பெண்களும் சீனப் பாட்டிகளும் 1888-இல் கட்டிய பழைய கோவில் பக்கம் மெழுகுவத்தியோடு நிற்பார்கள். அத்தையும் கொளுத்துவார். கொளுத்திய கையோடு, "அன்னம்மா அவங்க பாட்டுக்குப் பாக்கட்டும், டாக்டரும் பாக்கட்டுமே" என்பார். தன் நகையை விற்றாவது தருவதாக ஒருமுறை பார்க்கிங்கில் நின்று அழுதார். அன்றைக்கு வீடு வரும்வரை நான் அவரிடம் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்னம்மாள் திருநாள் ஜூலை 26. முந்தின நாளுக்கு ஒரு விசேஷம் உண்டு. செயற்கைக் கருத்தடை கூடாது என்ற திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடல் 1968 ஜூலை 25 தேதியிட்டது. சரியாகப் பத்து வருடம் கழித்து, 1978 ஜூலை 25-இல், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தாள். அப்போது வெனிஸ் மறைமுதுவராக (பேராயராக) இருந்தவர், மறுமாதமே திருத்தந்தை முதலாம் ஜான் பால் ஆனவர், அந்த முறையை ஏற்கவில்லை. ஆனால் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார், பெற்றோரைக் கண்டிக்க மறுத்தார்.

இதைத் தேடிப் படித்ததற்கும் நாத்தனார்தான் காரணம். அவள் 2021-இல் இ.பி.எஃப். பணம் எடுத்துச் சிகிச்சை செய்துகொண்டாள், என்னிடம் சொல்லாமல். மறுவருடம் பெண் பிறந்தாள். நாற்பதாம் நாள் போன் செய்து, "ஞானத்தாயா நீங்கதான் நிக்கணும் அண்ணி" என்றாள். உடனே சரி என்று வாயில் வரவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் பொறாமையா கொள்கையா என்று பிரிக்க முடியாமல் புரண்டேன். பொறாமைதான் அதிகம். காலையில் சரி என்றேன். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் குழந்தை கத்தவில்லை, என் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஒருவர், "நீங்க இதுக்குப் போயிருக்கக் கூடாது" என்றார். அதே கூட்டத்தில் என்னைப் புனிதை மாதிரி பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரிடமிருந்தும் விலகி உட்காரத்தான் பிடிக்கிறது.

சரி, பில். அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஐந்து மாதம். இன்னொரு பிள்ளை இப்போது முடியாது. கட்டணம் கட்டாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கிளினிக் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. "சபை என்ன சொல்லுது?" என்றாள். 2008-இல் வந்த 'திக்னித்தாஸ் பெர்சோனே' என்ற வத்திக்கான் ஆவணம் படித்திருந்தேன். அழிக்கக் கூடாது. ஆராய்ச்சிக்குத் தரக் கூடாது. பிள்ளையில்லாத வேறு தம்பதிக்குத் தரலாமா என்றால், எண்ணம் நல்லது, ஆனால் அதிலும் சிக்கல் என்கிறது. மொத்தத்தில் இது தீர்க்கவே முடியாத ஓர் அநீதி என்று ஏட்டிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். இதை எப்படி அவளிடம் சொல்வது? சொன்னேன்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீ கேக்கலையே" என்று வாய்வரை வந்தது. அந்த நான்கு வருடமும் அவளுக்கு ஒரு வார்த்தை நானாகச் சொன்னதில்லை. என் அட்டவணை, என் ஸ்டிக்கர் என்றே இருந்தேன்.

"இந்த வருஷம் பாதி நான் கட்டுறேன்" என்றேன்.

"எதுக்கு அண்ணி?"

"தெரியல. கட்டுறேன்."

ஞானப்பிள்ளை மைலோ கேட்டு வந்தாள். எட்டி அன்னம்மாள் காந்தத்தை இழுத்தாள். பில் கீழே விழுந்தது. நாத்தனார் குனிந்து எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தாள்.