பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்

ஒரு வருடமாகக் கழுத்தில் அரிப்பு. ‘மென்மையான சருமத்துக்கு’, ‘மூலிகை’, ‘பாதாம் எண்ணெய் சேர்ந்தது’ என்று போட்டிருந்த கிரீம்களை மாற்றி மாற்றித் தடவினேன். தடவத் தடவச் சிவந்ததுதான் மிச்சம்.

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, மதுரையில் தோல் மருத்துவரைப் பார்க்கப் போனேன். பை நிறைய கிரீம்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, “பெட்டிகள் எங்கே?” சேர்மானப் பட்டியல் அட்டைப் பெட்டியில்தான் அச்சாகியிருந்தது. அதை வாங்கிய அன்றே குப்பையில் போட்டிருந்தேன். ஒரு நடை வீண்.

அடுத்த முறை, எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட் பட்டைகளை முதுகில் ஒட்டினார்கள். 48 மணி நேரம் நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. சித்திரை மாதம், பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நின்றபடியே பயணம்! வீடு சேர்வதற்குள் ஒரு ஓரம் கழன்றுவிட்டது. போனில் கேட்டேன். “மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள், ஒன்றும் ஆகாது” என்றார் வரவேற்பில் இருந்த பெண். நம்பினேன். இரண்டு நாள் கழித்துப் போனால், பட்டை நகர்ந்துவிட்டது, முடிவு சொல்ல முடியாது என்றார்கள். கட்டிய பணமும் போனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்தச் சோதனையைக் கோடையில் செய்யாதீர்கள்.

மார்கழியில் மறுபடி ஒட்டினார்கள். திங்கள் ஒட்டி, புதன் எடுத்து, வெள்ளி மீண்டும் பார்த்தார்கள். வாசனைப் பொருள் கலவை வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. சோதனைப் பொருள்களில் பெரும்பாலானவற்றை வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியில்தான் குழைத்து வைக்கிறார்களாம். அது ஒவ்வாமை தருவது மிக அரிது என்பதால். விலை குறைவென்று நான் ஒதுக்கிய பொருள்!

இப்போது குளித்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காய்வதற்கு முன் அதையே மெல்லியதாகத் தடவுகிறேன். நம் ஊர் வெயிலுக்குப் பிசுபிசுக்கும். பகலில் கிளிசரின் கலந்த, வாசனை சேர்க்காத லோஷன் போதும். ஜெல்லி படிந்த துணியோடு அடுப்பருகே கவனமாக இருங்கள், எளிதில் தீப்பிடிக்கும். பட்டியலில் ‘பர்ஃபம்’, ‘ஃபிராக்ரன்ஸ்’ இருந்தால் எனக்கு ஆகாது. ‘அன்சென்டட்’ (மணமற்றது) என்பதையும் நம்பாதீர்கள். வாடையை மறைக்கவே வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று கேட்டு வாங்குங்கள். வெடிப்பு இருக்கும்போது யூரியா கிரீம் வேண்டாம், எரியும்.

தை முகூர்த்தத்துக்குச் சங்கிலி அணிந்து போனேன். பந்தி முடிந்து வீடு திரும்பும் வரை கை ஒருமுறைகூடக் கழுத்துக்குப் போகவில்லை.