மழைக்கு முன் மொட்டைமாடியைப் பாருங்கள்

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், ஒழுகலைச் சரிசெய்ய ஏற்றவை மாசி, பங்குனி மாதங்களே. முதலில் பார்க்கவேண்டியது மொட்டைமாடியில் மழைநீர் வெளியேறும் குழாயின் வாய். பலாச்சருகும் தென்னம்பூவும் அதை அடைத்துவிட்டால், தேங்கும் நீர் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் இடத்து விரிசல் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதனை விரைவுபடுத்துகிறது. சந்தேகமிருந்தால் குழாய்வாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி, ஒரு நாள் முழுதும் கீழறையின் மேற்தளத்தைக் கவனிக்கலாம். கசியும் சுவரின் உட்புறத்தில் மட்டும் பெயின்ட் அடிப்பதை (கடைக்காரர் ஒப்பமாட்டார்) வீண்செலவு என்றே சொல்வேன். ஓட்டு வீடுகளில் உடைந்த ஓடுகளை மாற்றி, கூரைகள் சேருமிடத்துத் தகரப்பாத்தியைத் துப்புரவாக வைத்தாலே பெரும்பாலும் போதும்.