வெள்ளத்தைப் பாசன வாய்க்காலில் திருப்பிவிடலாமா?

பேராக்கின் கிரியான் நெல் வட்டாரத்தில், பாகான் செராய் பக்கம் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தால் காப்பிக்கடையில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "இவ்வளவு பெரிய பாசன வாய்க்கால் ஓடுதே, தண்ணிய அதுல திருப்பிவிட்டா என்ன?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செய்தால் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை வயல்தான் முதலில் மூழ்கும்.

பாசன வாய்க்கால் தலைப்பில் அகலமாக இருக்கும். வயலுக்கு வயல் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போவதால் கடைசியில் ஒடுங்கிவிடும். வடிகால் அதற்கு நேர்மாறு. போகப் போகத் தண்ணீர் சேர்வதால் கடலை நெருங்கும்போது அகன்றிருக்கும். வெள்ளத்தைச் சுமப்பது வடிகாலின் வேலை. அந்த நேரத்தில் பாசன வாய்க்கால் செய்யவேண்டிய உதவி, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். கனமழை எச்சரிக்கை வந்தவுடனே தலைமதகை அடைக்க வேண்டும். மழை தொடங்கியபின் அடைத்துப் பயனில்லை, ஏற்கெனவே வாய்க்காலில் இருக்கிற தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற புக்கிட் மேரா ஏரி 1906-இல் கட்டி முடித்தது. நெல்லுக்கும் குடிநீருக்கும் ஏரி நிரம்பியிருக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலி இடம் வேண்டும். இந்த இழுபறி எந்தப் பாசன ஏரிக்கும் உண்டு. அதனால் ஏரியை மட்டும் நம்பித் திட்டம் போடக்கூடாது.

சரி, தண்ணீரை எங்கே நிறுத்துவது? ஒரு கணக்குப் போடுவோம். 1,000 ஹெக்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 10 லட்சம் கனமீட்டர் தண்ணீர். "மழைக்கு முன்னாடியே வடிகாலில் தண்ணீர் மட்டத்தை இறக்கி வையுங்கள்" என்பார்கள். 10 கிலோமீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள வடிகாலில் அரை மீட்டர் இறக்கினால் கிடைப்பது 30,000 கனமீட்டர். மழையில் 3 மில்லிமீட்டருக்குச் சமம், அவ்வளவுதான்! அதே 1,000 ஹெக்டரில் 400 ஹெக்டர் வயலாக இருந்து, வரப்பை உயர்த்தி, தண்ணீர் வெளியேறும் வாய்மடையில் பலகை போட்டுக் கூடுதலாக 10 சென்டிமீட்டர் நிறுத்தினால் 4 லட்சம் கனமீட்டர். அதாவது வயல் தன்மேல் விழுந்த மழையைத் தானே வைத்துக்கொள்கிறது. உண்மையான தொட்டி வயல்தான்.

ஆனால் அந்தத் தொட்டி எப்போதும் கிடைக்காது. நேரடி விதைப்பு செய்த முதல் சில வாரங்களில் நாற்று மூழ்கினால் அழுகும். அறுவடைக்கு முன் இயந்திரம் இறங்க வயல் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே எந்தப் பகுதியில் எந்த மாதம் தண்ணீர் நிறுத்தலாம் என்று விதைப்பு அட்டவணையோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், இழப்பீட்டையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். மழை நாளில் பேசினால் சண்டைதான்.

மீதி 6 லட்சம் கனமீட்டரை மூன்று நாளில் கடலுக்கு அனுப்ப வேண்டும். கடல் ஏறும்போது வாட்டர்கேட், அதாவது வடிகால் கடலில் சேரும் இடத்து மதகு, மூடியிருக்கும். பாதி நேரம் திறந்திருக்கும் என்று வைத்தால் கையில் 36 மணி நேரம். விநாடிக்குச் சுமார் 4.6 கனமீட்டர். 3 அடிக் குழாய் ஒன்றில் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஒரு கனமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். ஐந்து குழாய் வேண்டும். கடல் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கிற சின்ன ஓத நாட்களில் கடல் அவ்வளவாக வற்றாது, அப்போது இந்த 36 மணி நேரமும் குறையும். ஆகவே மழை முன்னறிவிப்பைப் பார்க்கிறவர் ஓத அட்டவணையையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவு குறைவான வேலை குழாய்ப் பாலங்களில்தான் இருக்கிறது. எஸ்டேட் ரோட்டுக்கு அடியில் பழைய குழாயை எடுத்துப் புதிது போடுகிறவர்கள் அதை வடிகால் தரையைவிட ஒரு அடி உயரமாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு அது குழாயில்லை, அணை. மேலிருந்து மதகு வரை ஒவ்வொரு குழாயின் அடிமட்டத்தையும் உயரம் தெரிந்த ஒரே மட்டப்புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். தோட்டத்துப் பழைய வரைபடம் அடிக்கணக்கில் இருக்கும், ஜேபிஎஸ் (வடிகால், பாசனத் துறை) வரைபடம் மீட்டரில் இருக்கும். தொடக்கப் புள்ளியும் வேறாக இருக்கலாம். இரண்டையும் கலந்தால் தண்ணீர் மேட்டில் ஏறுகிற மாதிரி வரைபடம் வரும்.

அடுத்தது களை. ஆகாயத்தாமரையும் புல்லும் அடைத்து வடிகாலின் உராய்வு இரண்டு மடங்கானால், அதே மட்டத்தில் ஓடும் தண்ணீர் பாதியாகிவிடும். அகலப்படுத்தக் காசு கேட்பதற்கு முன் மண்வாரியை விட்டுக் களையெடுங்கள். வாரிய சேற்றைக் கரையோரமே கொட்டினால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வரும்.

வாட்டர்கேட்டில் தானாகத் திறந்து மூடும் மடிப்புக் கதவுக்குப் பெரிய எதிரி செம்பனை மட்டை. அடிமட்டை ஒன்று விளிம்பில் செருகி நின்றால் கதவு முழுசாக மூடாது, உப்புத்தண்ணீர் ஏறிவிடும். மதகுக்கு முன்னால் கம்பித் தடுப்பு போடலாம், ஆனால் அதில் சேரும் குப்பையை மழையில் போய் அள்ள ஆள் இருந்தால்தான். ஆளில்லாத கம்பித் தடுப்பு மதகையே அடைத்துவிடும். மின்சாரத்தில் தூக்கும் கதவுகளுக்குக் கைச்சக்கரம் கட்டாயம் வேண்டும்.

இவ்வளவும் செய்து வடிகாலை ஆழமாக வெட்டிவிட்டால் வேறு தொல்லை வரும். கடலோரத்துப் புளிச்ச மண்ணில் நீர்மட்டம் கந்தகப் படிவத்துக்குக் கீழே போனால் அமிலம் உண்டாகும்; தண்ணீர் துருநிறமாகும், மீன் சாகும். மக்காத செடிகொடி சேர்ந்து உண்டான கரிமண்ணில் நிலமே உட்காரும், கடலுக்கு வடிவது வருடா வருடம் கடினமாகும். அதனால் கிளை வடிகால்களில் பலகை போட்டு மட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டும், மழைக்கு முன் எடுக்க வேண்டும், வடிந்ததும் திரும்பப் போட வேண்டும். எடுக்க எல்லோருக்கும் நினைவிருக்கும், போடத்தான் மறந்துவிடுகிறது.

தோட்டத்தின் தாழ்ந்த செம்பனைப் பகுதியையும் தண்ணீர் நிறுத்தப் பயன்படுத்தலாம். முதிர்ந்த மரம் சில நாள் தாங்கும். அறுவடை நிற்கும், உதிர்ந்த பழம் மிதந்து போகும், புதிதாகப் போட்ட உரமும் போகும். புதிதாகக் கன்று நட்ட இடத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.