கிரப் மெனுவிலேயே விண்டோஸ் ரிப்பேர்: நான்காவது வழியில் வந்துவிட்டது

ஒரே 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11, உபுண்டு 24.04, டெபியன் 12. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் எந்த ஓஎஸ் ஓட வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் இந்த மூன்றுக்கும் கீழே ‘விண்டோஸ் ரிப்பேர்’ என்று ஒரு வரி வேண்டும். எண்டர் தட்டினால் பென்டிரைவ் இல்லாமல், நெட் இல்லாமல், நேராக ஸ்டார்ட்அப் ரிப்பேரும் கமாண்ட் பிராம்ப்டும் உள்ள நீலத்திரை வந்து நிற்க வேண்டும். மூன்று வழிகள் தோற்று நான்காவதில் அது வந்துவிட்டது. மூன்று ஓஎஸ்ஸை நிறுவுவது, இடம் பிரிப்பது எல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. அதனால் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இந்த ரிப்பேர் வசதி கம்ப்யூட்டரின் டிஸ்கிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு காவிரி டெல்டாவில் காரணம் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் ஒரே மணி நேரத்தில் ஐந்தாறு தடவை போய்வரும். விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கும்போது யூபிஎஸ் பேட்டரியும் கைவிட்டால் பூட் ஃபைல்கள் கெடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, செல் சிக்னலும் இல்லை. 6 ஜிபி விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்கின் படிமம்) அந்த மாதிரி நேரத்தில் எங்கே போய் இறக்குவது? மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும்.

முதலில் தோற்றவை. டிஸ்கில் உள்ள மற்ற ஓஎஸ்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் கிரப் 2.06 முதல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் ‘கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்’ என்று எழுதி இயக்கினாலும் விண்டோஸுக்கு ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற ஒரு வரிதான் கிடைக்கும், ரிப்பேர் வராது. அடுத்து, விண்டோஸின் ரெகவரி பார்ட்டிஷனுக்கே நேராக செயின்லோடர் (வேறொரு பூட் ஃபைலிடம் வேலையை ஒப்படைக்கும் கிரப் கட்டளை) கொடுத்துப் பார்த்தது. அந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் இருப்பது வின்ஆர்இ.விம் என்ற ரிப்பேர் படிமம் மட்டும். நேராக பூட் செய்யக்கூடிய இஎஃப்ஐ ஃபைல் எதுவும் அதில் கிடையாது, எனவே கிரப்புக்கு அங்கே ஓட்ட ஒன்றுமில்லை. மூன்றாவது, விண்டோஸ் ஐஎஸ்ஓவை லூப்பேக்காக, அதாவது ஃபைலையே ஒரு டிஸ்க் போல, திறந்தது. லினக்ஸ் ஐஎஸ்ஓ இப்படி ஓடும், விண்டோஸ் ஓடாது. லூப் என்பது கிரப்புக்கு மட்டும் தெரிந்த டிஸ்க். கிரப் கையை எடுத்ததும் விண்டோஸ் பூட் மேனேஜர் தன் டிஸ்க் எங்கே என்று மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிடம்தான் கேட்கும். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே ஃபர்ம்வேருக்குத் தெரியாது.

விண்டோஸ் தொடர்ந்து பூட் ஆகாமல் போனால் தானே ரிப்பேருக்குள் போகுமே என்று கேட்கலாம். போகும், ஆனால் பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில், எதை ஓட்டுவது என்று குறித்துவைத்திருக்கும் பிசிடி ஃபைல் உயிரோடு இருந்தால்தான். கெடுவதே அந்த ஃபைல் என்றால் அந்தப் பாதையும் சேர்ந்து அடைபடும். ஆகவே ரிப்பேருக்குத் தனி பிசிடி, தனி பார்ட்டிஷன்.

வேலை செய்த வழி இது. டிஸ்கில் 2 ஜிபிக்கு ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன். பார்ட்டிஷன் பிரிக்கும் ஜிடிஸ்க் கருவியில் இதன் வகை 0700, அதாவது சாதாரண டேட்டா. இங்கே இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கான இஎஃப்00 வகையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே டிஸ்கில் இரண்டு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால் விண்டோஸ் எதில் எழுதும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவிலிருந்து ‘பூட்’, ‘இஎஃப்ஐ’ என்ற இரண்டு ஃபோல்டர்களை மட்டும் இந்தப் பார்ட்டிஷனுக்கு எடுத்தால் போதும். ‘சோர்சஸ்’ என்று ஒரு காலி ஃபோல்டரை நாமே போட வேண்டும். 4 ஜிபியைத் தாண்டும் இன்ஸ்டால்.விம் ஃபேட்32-இல் உட்காராது, ரிப்பேருக்கு அது தேவையும் இல்லை.

இனிதான் முக்கியமான இடம். லினக்ஸிலிருந்து ரெகவரி பார்ட்டிஷனை படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, ரெகவரி/விண்டோஸ்ஆர்இ ஃபோல்டரில் இருக்கும் வின்ஆர்இ.விம் ஃபைலை ‘சோர்சஸ்’ உள்ளே பூட்.விம் என்று பெயர் மாற்றிக் காப்பி செய்யவும். ஐஎஸ்ஓவில் வரும் பிசிடி தேடுவது \சோர்சஸ்\பூட்.விம் ஃபைலையும் \பூட்\பூட்.எஸ்டிஐ ஃபைலையும்தான். அந்தப் பெயரில் இருக்கும் படிமம் எதுவானாலும் அது ஓட்டும். ஐஎஸ்ஓவோடு வரும் பூட்.விம்மையே போட்டாலும் ஓடும், ஆனால் இன்ஸ்டால் திரை வழியாகச் சுற்றிக்கொண்டு ரிப்பேருக்குப் போக வேண்டியிருக்கும். வின்ஆர்இ என்றால் கீபோர்டு கேட்டுவிட்டு நேராக ரிப்பேர் திரைதான். கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் டிஸ்க் டிரைவரை அந்தப் படிமத்துக்குள் சேர்த்திருந்தால் அதுவும் கூடவே வரும்.

விண்டோஸ் பக்கமிருந்தே எடுக்க நினைப்பவர்களுக்கு: அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ‘ரீஏஜென்ட்சி /டிசேபிள்’ கொடுத்தால் படிமம் சி டிரைவில் விண்டோஸ்\சிஸ்டம்32\ரெகவரிக்கு வந்துவிடும். மறைந்திருக்கும் ஃபைல், ‘அட்ரிப்’ போட்டுத்தான் கண்ணில் படும். காப்பி எடுத்த கையோடு ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’ கொடுத்துவிடுங்கள். மறந்தால் விண்டோஸின் சொந்த ரிப்பேர் அணைந்தே கிடக்கும்.

பழைய ஐஎஸ்ஓவின் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ ஃபைலை அப்படியே விடுவதும் நல்லதல்ல. பழைய பூட் மேனேஜர்களை செக்யூர் பூட்டின் (கையொப்பம் சரிபார்த்தே பூட் செய்யவிடும் வசதி) தடைப்பட்டியல் நிறுத்திவைக்கலாம். இப்போது ஓடும் விண்டோஸின் பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.இஎஃப்ஐ ஃபைலை எடுத்து, பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்று பெயர் மாற்றி, புதுப் பார்ட்டிஷனின் இஎஃப்ஐ/பூட் ஃபோல்டரில் மேலெழுதுவது பாதுகாப்பு.

கிரப் பக்கம் /இடிசி/கிரப்.டி/40_கஸ்டம் ஃபைலில் ஒரு மெனுஎன்ட்ரி. உள்ளே மூன்றே வேலைகள்: பார்ட்_ஜிபிடி, ஃபேட், செயின் மாட்யூல்களை ஏற்றுவது, ‘சர்ச் --எஃப்எஸ்-யூயூஐடி --செட்=ரூட்’ கொடுத்து அதோடு பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடியைச் சேர்ப்பது, கடைசியில் ‘செயின்லோடர் /இஎஃப்ஐ/பூட்/பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’. பிறகு அப்டேட்-கிரப். தவறு நடப்பது அந்த எண்ணில்தான். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் வரியில் யூயூஐடி, பார்ட்யூயூஐடி என்று இரண்டு இருக்கும். ஃபேட்32-க்கு வேண்டியது நடுவில் கோடு போட்ட எட்டு இலக்கம். நீளமானதைப் போட்டால் ‘நோ சச் டிவைஸ்’ என்று நின்றுவிடும். 40_கஸ்டம் ஃபைலின் தலையில் இருக்கும் ‘எக்ஸெக் டெயில்’ வரியை அழிக்கக்கூடாது.

எச்டி0,ஜிபிடி5 என்று வரிசை எண்ணால் குறிக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட் ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் கேட்டு, கிடைக்காத கம்ப்யூட்டர்களில் 80070643 என்ற பிழையோடு நின்றது. அப்போது பலர் அந்தப் பார்ட்டிஷனை அழித்துப் பெரிதாக்கிப் போட்டார்கள். அப்படிச் செய்தால் வரிசை எண் மாறக்கூடும், யூயூஐடி மாறாது.

சோதித்ததில் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ரிப்பேர் திரை வந்தது. டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் சி டிரைவைத் திறக்க 48 இலக்கச் சாவியைக் கேட்கும். கிரப் வழியாகப் போனால் சாதாரண விண்டோஸ் பூட்டிலேயே கேட்க வாய்ப்புண்டு, ஃபர்ம்வேரின் எஃப்12 பூட் மெனு வழியாக நேராகப் போனால் கேட்காது. சாவியைக் காகிதத்தில் எழுதி கேபினட்டுக்கு உள்ளே இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

பூட் ஃபைல் கெட்டிருந்தால் ரிப்பேருக்குள் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்’ என்று அடிப்பதை விட்டுவிடுங்கள். யூஇஎஃப்ஐ இயந்திரங்களில் அது பெரும்பாலும் ‘ஆக்சஸ் இஸ் டினைட்’ என்றுதான் முடியும். டிஸ்க்பார்ட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்து, ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ’ ஒன்று போதும். ரிப்பேருக்குள் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், ‘லிஸ்ட் வால்யூம்’ பார்த்துவிட்டு அடியுங்கள். இது முடிந்ததும் விண்டோஸ் தன்னை ஃபர்ம்வேர் வரிசையில் முதலில் வைத்துக்கொள்ளும், கிரப் மெனு காணாமல் போகும். பதற வேண்டாம். எஃப்12 வழியாக உபுண்டுவுக்குள் போய் ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ’ கொடுத்துப் பழைய வரிசையைத் திருப்பிவிடலாம்.

புதுப் பார்ட்டிஷனுக்கு விண்டோஸ் ஓர் எழுத்து கொடுத்து எக்ஸ்புளோரரில் காட்டும், யாராவது அதில் போட்டோ போட்டு நிரப்புவார்கள். எஸ்ஜிடிஸ்கில் அதற்கு 63-ஆம் பண்பை ஆன் செய்தால் தானாக எழுத்து கொடுக்காது.

கரண்ட் பற்றி இன்னொன்று. பூட் பாதியில் அறுந்தால் உபுண்டுவின் கிரப் அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த முறை மெனுவில் 30 விநாடி காத்திருக்கும். ‘கிரப்_ரெகார்ட்ஃபெயில்_டைம்அவுட்=10’ என்று போட்டால் குறையும். பூஜ்யம் போடாதீர்கள், ரிப்பேர் வரியைத் தேர்ந்தெடுக்கவே நேரம் இருக்காது.

மெனு வரிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைதான். ஆனால் கிரப் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதில்லை, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இப்போதைக்கு ஆங்கிலத்திலேயே விட்டாயிற்று.

பென்டிரைவ் நகல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், எஸ்எஸ்டியே போனால் டிஸ்கில் உள்ளது உதவாது. மலிவாகக் கிடைக்கும் 64 ஜிபி டிரைவ்களில் அளவு பொய்யானவை உண்டு. எஃப்3 கருவியால் எழுதிப் படித்துப் பார்த்த பிறகே நம்புங்கள். பயாஸ் தேதி பின்னால் போகும் பழைய போர்டுகளில் சிஆர்2032 செல்லையும் மாற்றிவிடுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்தது லினக்ஸ் ரிப்பேர் வரி. உபுண்டு ஐஎஸ்ஓ தனி 10 ஜிபி எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் இருக்கிறது, ‘ஐஎஸ்ஓ-ஸ்கேன்/ஃபைல்நேம்’ கொடுத்து லூப்பேக்காக ஓடுகிறது. மெனுஎன்ட்ரியின் தொடக்கத்தில் ‘ஆர்எம்மாட் டிபிஎம்’ சேர்க்காதபோது ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று நின்றது, சேர்த்ததும் சரி. ஐஎஸ்ஓவை ராமுக்குள் ஏற்றிக்கொள்ளும் ‘டூராம்’ சேர்த்துப் பார்ப்பது மீதி. அது இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ இருக்கும் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியே கிடப்பதால் அந்த டிஸ்கில் பிரிவுகளை மாற்ற முடிவதில்லை. டெபியனுக்கு ஓஎஸ்-புரோபர் எழுதிய வரியை எடுத்துவிட்டு, அதன் கிரப்.சிஎஃப்ஜி ஃபைலை ‘கான்ஃபிக்ஃபைல்’ மூலம் திறக்கும் வரியைப் போட்டிருக்கிறேன். டெபியனின் அடுத்த கெர்னல் அப்டேட் வந்ததும் புதுக் கெர்னல் மெனுவில் தானாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.