வூஹானில் காலைச் சாப்பாடு: நடந்தபடி ஒரு கிண்ணம்

வூஹான்காரர்கள் காலைச் சாப்பாட்டை 'குவோ ட்சாவ்' என்பார்கள். காலையைக் கடப்பது என்று பொருள். பலர் அதை வீட்டில் கடப்பதில்லை. தெருமுனைக் கடையில் காகிதக் கிண்ணத்தை வாங்கி, நடந்துகொண்டே தின்று முடித்துவிடுவார்கள். கிண்ணத்தில் இருப்பது அநேகமாக 'ரெ கான் மியன்', அதாவது குழம்பில்லாத சூடான நூடுல்ஸ்.

கடை திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். அப்பளக்காரம் மாதிரி ஒரு காரத்தைச் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நூடுல்ஸை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, மேசையில் கொட்டி, எண்ணெய் விட்டு, மின்விசிறிக் காற்றில் உதறி உதறி ஆறவைப்பார்கள். இதில் சுணங்கினால் உள்சூட்டிலேயே குழைந்து கட்டியாகிவிடும். ஆள் வந்ததும் ஒரு பிடி எடுத்து, வலைக்கரண்டியில் போட்டு, கொதிநீரில் சில விநாடி முக்கி உதறிக் கிண்ணத்தில் கவிழ்ப்பார்கள். மேலே நல்லெண்ணெயில் தளர்த்திய வறுத்த எள் விழுது, சோயா சாஸ், மிளகுத்தூள், முள்ளங்கி ஊறுகாய்த் துண்டு, புளிக்கவைத்த காராமணிக்காய், வெங்காயத்தாள்.

கைக்கு வந்த உடனே அடியிலிருந்து புரட்டிக் கிளறுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் எள் விழுது இறுகி, நூடுல்ஸ் ஒரே உருண்டையாகும், தொண்டையும் அடைக்கும். அதனால்தான் பக்கத்தில் சோயாப்பால், அல்லது 'டான் ஜியூ'. இது புளித்த இனிப்பு அரிசிக் கரைசலைக் கொதிக்கக் கொதிக்க, அடித்த முட்டையில் ஊற்றுவது. லேசாக மது உண்டு, வேண்டாதவர்கள் கவனம்.

அடுத்தது 'மியன் வோ', எண்ணெயில் பொரிப்பது. மாவு ஊற்றும் கரண்டியைப் பாருங்கள், நடுவில் மேடு கட்டியிருக்கும். அரிசியும் சோயாவும் அரைத்து, இஞ்சி, வெங்காயத்தாள் கலந்த மாவை ஊற்றினால் ஓரத்துக்கு வழிந்துவிடும். பொரிந்ததும் ஓரம் மெத்தென்று, நடு அப்பளம் போல. வடை தின்று வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. ஆறினால் தோல் மாதிரி இழுக்கும். எண்ணெயிலிருந்து எடுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு தொல்லை: நூடுல்ஸில் சுவைக்காகக் கொஞ்சம் விடும் சாறு பல கடைகளில் இறைச்சி வெந்த சாறு. 'வோ சி சூ' (நான் சைவம்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

மஞ்சள் கொக்குக் கோபுரத்துக்குப் பக்கத்து ஹுபு சந்து, தின்பண்டங்களுக்குப் பெயர்பெற்றது. ஒருமுறை பார்க்கலாம், சாப்பிடக் குடியிருப்புச் சந்துகளே மேல். அங்கே பல கடைகளில் முதலில் பணம், பிறகு வரிசை. க்யூஆர் கோடுதான் எல்லாம், எனவே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் கார்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். மியன் வோ சட்டியைச் சீக்கிரமே இறக்கிவிடுவார்கள்.