தொமுஸ்: வீட்டைக் குறிக்கும் ஒரு சொல்

3 ஜூன் 2024, திங்கள்

இலத்தீன் பயிற்சியில் 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்பதை 'இன் தொமோ எஸ்த்' என்று எழுதிப் பிழை செய்தேன். கட்டடத்துக்கு உள்ளே என்று அழுத்திச் சொல்லத்தான் அத்தொடர் பொருந்தும். ஒருவர் தம் வீட்டில் இருக்கிறார் என்றால் 'தொமீ எஸ்த்' என்பதே இயல்பான வழக்கு. நம் இலக்கணத்தில் ஏழாம் வேற்றுமை என்று சொல்லத்தக்க இந்த இடப்பொருள் உருபு, செவ்வியல் இலத்தீனில் ஏறக்குறைய மறைந்துபோய், ஊர்ப்பெயர்களிலும் வீடு, நாட்டுப்புறம் போன்ற சில சொற்களிலும் மட்டுமே எஞ்சி நிற்கிறது. 'தொமும்' என்றால் வீட்டுக்கு. 'தொமோ' என்றால் வீட்டிலிருந்து. இவற்றுக்கு முன்னால் வேறு இடைச்சொல் தேவையில்லை.

5 ஜூன், புதன்

இன்று முழு வாய்பாட்டையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். எழுவாய் 'தொமுஸ்', ஆறாம் வேற்றுமை 'தொமூஸ்'. நெடிற்குறி இடாத உரோமானிய எழுத்தில் இரண்டும் ஒரே தோற்றம் கொண்டவை. நம் எழுத்திலோ ஓர் உகரம் நீள்வது கண்ணுக்கே தெரிகிறது. இந்த வசதி எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது.

இலத்தீன் பெயர்ச்சொற்களை அவை உருபேற்கும் முறைப்படி வகை பிரிப்பார்கள். நான்காம் வகைப் பெயர்களைப் போலத் தொடங்கும் இச்சொல், இடையிடையே இரண்டாம் வகையின் உருபுகளையும் ஏற்கிறது. அதனால் 'வீடுகளுடைய' என்பதற்குத் 'தொமுஉம்', 'தொமோரும்' என இரு வடிவங்களும் வழங்கின. பேரரசர் அகஸ்டஸ் ஆறாம் வேற்றுமை ஒருமையைத் 'தொமோஸ்' என்றே எழுதிவந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் குறித்திருக்கிறார். உரோமையர்களே ஒரே வடிவத்தில் நிற்காத சொல்லில் நான் தடுமாறியது வியப்பில்லை.

8 ஜூன், சனி

பொருளும் சுவர்களோடு முடிவதில்லை. குடும்பம், குலம் என்பவற்றையும் இச்சொல் குறிக்கும். கி.மு. 58-இல் உரோமைப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ நாடு கடந்து சென்றதும், உரோமை நகரின் பாலத்தீன் குன்றிலிருந்த அவர் வீட்டை இடித்துவிட்டு, திரும்பக் கேட்க முடியாதபடி அந்த மனையில் விடுதலைத் தெய்வத்துக்கு ஒரு கோயிலை அவருடைய அரசியல் எதிரி குளோதியஸ் எழுப்பினான். மறு ஆண்டு திரும்பி வந்த சிசரோ, தலைமைக் குருக்கள் முன் வாதாடி அந்த மனையை மீட்டார். அவ்வுரையின் பெயர் 'தே தொமோ சுவா', அதாவது 'தம் வீட்டைப் பற்றி'. திங்களன்று 'வீட்டிலிருந்து' என்று படித்த அதே 'தொமோ', 'தே' சேர்ந்ததும் 'வீட்டைப் பற்றி' ஆகிவிடுகிறது.

9 ஜூன், ஞாயிறு

இத்தாலிய மொழியில் இன்று வீட்டுக்கு வழங்கும் பெயர் 'காசா'. இலத்தீனில் அது குடிசை. தொமுஸிலிருந்து பிறந்த 'துவோமோ' மிலானிலும் புளோரன்சிலும் பேராலயத்தின் பெயராக இருக்கிறது.