குச்சியோடு போன வேட்டை

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை மணி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. அதற்கு முந்தைய வாரம் டீ குடிக்கும்போது அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர், "எங்க ஊர்ப் பக்கம் ஃபெசன்ட் வேட்டைக்குக் காடு கலைக்க ஆள் பத்தல, வர்றீங்களா?" என்று கேட்டிருந்தார். துப்பாக்கி கிடையாது, கையில் ஒரு குச்சி, நாள் முழுக்கச் சேற்றில் நடை, சாயங்காலம் கொஞ்சம் பணமும் ஒரு ஜோடிப் பறவையும், அவ்வளவுதான். கறி தின்கிறவன்தானே நான், அது தட்டுக்கு வரும் வழியை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடுவோம் என்று சரி சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னபோது மனைவி கேட்ட ஒரே கேள்வி, "அதை யாரு உரிக்கிறது?"

திர்ஸ்க் வழியாகப் போனோம். அந்த ஊரைத் தாண்டியதும் சட்டன் பேங்க் என்று ஒரு ஏற்றம் வரும். நாலடிக்கு ஓரடி உயரும் சாலை, கேரவன் இழுத்துக்கொண்டு வரும் வண்டிகளுக்கு அங்கே அனுமதியே இல்லை. வெயில் காலத்தில் மேலே நின்று பார்த்தால் யார்க்‌ஷயர் சமவெளி முழுக்கத் தெரியும், அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் பால் மாதிரி பனி மட்டும்தான். வழி நெடுக வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்த ஃபெசன்ட்களை எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்பதோடு விட்டுவிட்டேன். ஹெல்ம்ஸ்லிக்கு வடக்கே ஒரு பண்ணை முற்றத்தில் வண்டி நின்றது.

ஃபெசன்ட்டைப் பார்க்காதவர்களுக்கு: நம்ம நாட்டுக்கோழியைவிடக் கொஞ்சம் ஒல்லி, சேவலுக்கு முழ நீள வால், செம்பு நிற உடம்பு, பச்சைக் கழுத்தில் வெள்ளை வளையம், முகம் குங்குமம் அப்பியது போல. பெட்டை வெறும் சருகு நிறம். பார்த்தால் இந்த மண்ணிலேயே பிறந்த பறவை போலத் திரியும், ஆனால் இதன் பூர்வீகம் ஆசியா. ஜார்ஜியா நாட்டு ஃபாசிஸ் ஆற்றின் பெயர்தான் இதற்கு ஒட்டிக்கொண்டது. ஆக, அந்த முற்றத்தில் வந்தேறிகள் நான் மட்டும் இல்லை.

காடு கலைக்க வந்தவர்கள் இருபது பேர் இருப்போம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பக்கத்துப் பண்ணை ஆட்கள், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், அப்புறம் நாய்க்காரர்கள். சுட வந்தவர்கள் எட்டுப் பேர், ட்வீட் கோட்டும் முழங்கால் வரை சாக்ஸுமாகத் தனியே நின்றார்கள். அவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் எடுத்ததும் வேட்டை மேற்பார்வையாளர் விதிகளைச் சொன்னார். தாழப் பறப்பதைச் சுடக்கூடாது. தரையில் நடப்பதைச் சுடக்கூடாது. 40 கெஜத்துக்கு மேல் உயரமாகப் போனால் ஆசைப்படக்கூடாது. வெள்ளை ஃபெசன்ட் ஒன்று இந்தக் காட்டில் இருக்கிறது, அதைச் சுட்டால் அபராதம், அந்தக் காசு தர்மத்துக்குப் போகும். எல்லோரும் சிரித்தார்கள்.

டிராக்டர் தொட்டியில் வைக்கோல் கட்டுகள் மேல் உட்கார்ந்து காட்டுக்குப் போனோம். ஒரு கோடாக நின்று குச்சியால் மரத்தைத் தட்டிக்கொண்டே மெதுவாக முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. சொல்லச் சுலபம். முள்ளுப் புதர் இடுப்பு வரை, கீழே வழுக்கும் இலைச்சேறு, வலப்பக்கத்து ஆள் நின்றால் நானும் நிற்க வேண்டும், கோடு உடைந்தால் மேற்பார்வையாளர் கத்துவார். பறவைகள் லேசில் பறக்காது, முன்னால் முன்னால் ஓடும், காடு முடிகிற இடத்தில் ஓட வழியில்லாமல் ஒன்றிரண்டாகக் கிளம்பும், நாங்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிட்டால் சுடுகிறவர்களுக்கு ருசிக்காது. விர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் 'கொக்-கொக்' என்று கூவிக்கொண்டே மர உச்சிக்கு மேலே ஒரு வால் நீளும், கீழே பள்ளத்தில் பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி சத்தம் கேட்கும். எங்களுக்கு விழுவது தெரியாது. கொம்பு ஊதினால் அந்தச் சுற்று முடிந்தது.

பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு சுற்றும் எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது. குளிரில் வியர்வை, பக்கத்து ஆளின் குச்சிச் சத்தம், நாய்களின் சந்தோஷம். திருவிழாவில் தேர் இழுக்கிற மாதிரி ஒரு கூட்டுப் போதை.

மூன்றாவது சுற்று முடிந்து வெளியே வந்தபோது என் காலடியில் முள்ளுக்குள் ஒரு பெட்டை பதுங்கியிருந்தது. ஒரு இறக்கை தொங்குகிறது, ரத்தம் அதிகம் இல்லை, கண் திறந்தபடி என்னையே பார்க்கிறது. ஸ்பேனியல் நாயோடு விழுந்த பறவைகளைப் பொறுக்க வந்த ஒரு அம்மா, "எடுங்க, இறக்கையை உடம்போட சேர்த்துப் பிடிங்க" என்றார். பிடித்தேன். கையுறையைத் தாண்டியும் அதன் சூடு தெரிந்தது, நெஞ்சு தந்திக்கருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவர் பையிலிருந்து ஒரு சாண் அளவுக் கட்டையை எடுத்துத் தலையில் ஒரே அடி. அந்தக் கட்டைக்கு இங்கே 'பாதிரியார்' என்று பெயராம், கடைசிச் சடங்கு செய்து வைப்பதால். நாய் அடுத்ததைத் தேடப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் காலையில் கேட்ட விதிகள் எனக்குள் புரள ஆரம்பித்தன. தரையில் நிற்கும் பறவையைச் சுடுவது அசிங்கம், ஆட்டத்துக்கு நியாயம் இல்லை என்கிறார்கள். சரி, யாருக்கு நியாயம்? சும்மா நிற்கிற கோழியைப் பத்தடி தூரத்தில் சுட்டால் அது சத்தம் கேட்கும் முன்பே செத்திருக்கும். வேகமாக உயரே போவதைச் சுடுவதுதான் திறமை, உயரமும் வேகமும் கூடக் கூட இறக்கை மட்டும் ஒடிந்து முள்ளுக்குள் ஒளிவதும் கூடும். நாய்களும் அந்த அம்மாவும் எதற்கு இருக்கிறார்கள் என்றால் இதற்குத்தான், அவர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சுடுகிறவரின் மரியாதையைக் காப்பாற்றும் விதி, சாகிறதற்கு ஒன்றும் செய்யவில்லை.

மதியம் சாசேஜ் ரோல் தின்றுகொண்டே மேற்பார்வையாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். மனிதர் எதையும் மறைக்கவில்லை. இந்தப் பறவைகள் காட்டில் தானாகப் பெருகியவை அல்ல, குஞ்சாக வாங்கி, கோடையில் வலையடித்த பட்டியில் வளர்த்து, பிறகு திறந்து விடுவது. நாடு முழுக்க ஆண்டுக்கு மூன்று கோடிக்குக் குறையாமல் இப்படி விடுகிறார்கள். பட்டிக்குள் இருக்கும் வரை சட்டப்படி அது பண்ணைப் பிராணி, கதவைத் திறந்து விட்டதும் காட்டுப் பறவை! அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை சுடலாம், 1831ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் விடுமுறை. வந்திருந்த எட்டுப் பேர் வாங்கியது '200 பறவை நாள்'. எண்ணிக்கைக்குத்தான் விலை, ஒரு பறவைக்கு 40 பவுண்டுக்கு மேல் விழுகிறது. அதே பறவையை இறைச்சி வியாபாரியிடம் கொடுத்தால்? "50 பென்ஸ் கிடைச்சா அன்னிக்கு நல்ல நாள்" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வெளிச்சம் போனது. முற்றத்தில் சேவலும் பெட்டையுமாக ஜோடி ஜோடியாகக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 212. சுட்டவர்கள் ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதையும், "ஃப்ரீசர்ல இடம் இல்ல" என்று சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

எங்கள் ஊர் கரிசல் காடு. சின்ன வயதில் சித்தப்பா யாரிடமோ சொல்லி வைத்து, இருட்டினதும் கௌதாரி வாங்கிக்கொண்டு வருவார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் இருட்டு. பிடிக்கிறவர் ஒரு பழக்கிய கௌதாரியைக் கூண்டோடு வயலில் வைப்பார், அது கூவும், சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரி கண்ணியில் மாட்டும். கூண்டில் இருப்பதற்குப் 'பார்வை' என்று பெயர், சங்கப் பாட்டு காலத்திலேயே உள்ள சொல். ஏமாற்று வேலைதான், அதில் நியாய தர்மம் யாரும் பேசவில்லை. ஆனால் நாலு பிடித்தால் நாலும் குழம்பில் போகும், எலும்பைக்கூட அப்பத்தா விடமாட்டாள். அதை நல்லது என்று சொல்ல வரவில்லை, நாலு நாலாகவே ஒரு காடு காலியாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு உறுத்துவது கொன்றதல்ல, மிஞ்சியது.

பிராய்லர் கோழியைவிட இது மேல் என்று என் பக்கத்து மேசை நண்பர் வண்டியில் வாதாடினார். நாற்பது நாளில் கொழுத்துக் கொட்டகையிலேயே சாவதற்கு, மூன்று மாதம் காட்டில் திரிந்து சாவது எவ்வளவோ தேவலை என்றார். எனக்கு அதில் பாதி சம்மதம். பிராய்லர் தின்கிறவன் வாயால் அதற்கு மேல் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஐந்து நாள் கொட்டகையில் தொங்கவிட்டுப் பிறகு உரித்தேன், நானேதான். இறகு பிடுங்க முயன்று தோற்று, தோலோடு உரித்துவிட்டேன். காலில் நரம்பு கம்பி போல இருக்கிறது, குறடு வைத்து இழுக்க வேண்டியிருந்தது. நெஞ்சுக் கறியில் நீலமாக ஒரு புள்ளி, தோண்டினால் ஈயக் குண்டு, அதோடு ஒரு இறகுத் துணுக்கும் உள்ளே போயிருந்தது. ஒரு தோட்டாவில் இப்படி 250க்கு மேல் சிறு குண்டுகள் உண்டு. ஈயத்தை ஐந்து வருடத்தில் தாங்களாகவே விட்டுவிடுவதாக வேட்டைச் சங்கங்கள் 2020இல் அறிவித்தன. அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் கடைகளில் வாங்கிச் சோதித்த ஃபெசன்ட்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஈயம்தான் இருந்தது. 2025இல் அரசாங்கமே தடையை அறிவித்திருக்கிறது, அதற்கும் மூன்று வருட அவகாசம்.

சின்ன வெங்காயம், நிறைய மிளகு, தேங்காய் எண்ணெய், மூடி வைத்து முக்கால் மணி நேரம். வாசம் அப்படியே கௌதாரி. கறி கொஞ்சம் வறட்சி, ருசியில் குறை சொல்ல முடியாது. பொறுக்கியது போதாதென்று இரண்டாவது வாயிலேயே பல்லில் 'கடுக்' என்றது, எடுத்துச் சாஸரில் போட்டேன், டிங். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஈயத்தில் சுட்ட கறியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதால் மகளுக்குத் தோசையும் சட்னியும். ஒவ்வொரு டிங்குக்கும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து வந்தது.

போன வாரம் நண்பர் செய்தி அனுப்பினார். ஜனவரிக் கடைசியில் 'சேவல் மட்டும்' நாள், அன்றைக்குக் காடு கலைத்தவர்களுக்கும் துப்பாக்கி தருவார்களாம், கற்றுத்தர அவரே பக்கத்தில் நிற்பாராம். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பதில் போட்டேன்: வருகிறேன், குச்சி போதும்.